கரையாமல் மிஞ்சும் வரை

கலூபா,
வெள்ளிக்கிழமை நாம் வைத்த கிண்ணம்
மூன்றாவது ஜன்னலில்தான் இருக்கிறது.
உன் கையெழுத்தில் எண் ஏழு,
கீழே நம் இருவர் பெயர்.
டேப் வெயிலில் சுருண்டு
என் பெயர் பாதி மறைந்துவிட்டது.

அன்றைக்கு கேஸ் இல்லை. கரண்ட்டும் இல்லை.
மிசஸ் சம்பா சத்துணவுக் கொட்டகையிலிருந்து
இரண்டு கரி அடுப்புகளைத் தூக்கிவரச் சொன்னார்.
நாற்பத்தோரு பேர்.
ரேஷனுக்கு நிற்பதுபோல் வரிசையில் நின்று
கந்தக அமிலத்தைச் சூடுபண்ணினோம்.

நீ சொன்னாய்:
இதற்கு நம் வீட்டு விலாசம் தெரியும்.
உருக்காலை இருமும் இரவுகளில்
கன்கோயோவின் தகரக் கூரைகளைத் தின்று
நம் தொண்டையில் செண்டாவாக இறங்குகிறதே,
அந்தப் புகைக்கு இது பங்காளி.
பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டினால்
எவ்வளவு சாது, பார்.

அப்புறம் அந்தக் கறுப்புப் பொடி.
ஸ்பூன் நுனியில் ஒரு சிட்டிகை.
கலக்கினால், காணோம்.
இன்னொரு சிட்டிகை.
காணோம்.
பச்சைத்தண்ணீர் மாதிரி கிடந்தது
அடியிலிருந்து நீலம் பிடிக்கத் தொடங்கியதும்
நீ பேச்சை நிறுத்தினாய்.
முஃபுலிராவில் அதைப் பார்த்தவர்கள் குறைவு.

பலகையில் எழுதியிருந்தது: மிகையாகச் சேர்.
எனக்கு விளங்கவில்லை.
மாவுக்கு அளவு, எண்ணெய்க்கு அளவு,
மினிபஸ்ஸுக்கு எடுக்கும் சில்லறைக்கு அளவு.
இங்கே மட்டும் ஏன்
கரையாமல் மிஞ்சும் வரை கொட்டச் சொல்கிறார்கள்?

மிஞ்சிய பொடியை வடிகட்டி எறியலாம்,
மிஞ்சிய அமிலத்தை எறிய முடியாது,
அதனால்தான், என்றாய்.
கோலைச் சுழற்றிக்கொண்டே,
அதே குரலில்,
அப்பாவுக்கு வந்த கடிதத்திலும் அந்தச் சொல் இருந்தது என்றாய்.
தேவைக்கு மிகையான பணியாளர்.

வடிதாளின் மடிப்பில் கறுப்பு தங்கியது.
நீலம் சொட்டிக்கொண்டிருந்தது.
நான் சொட்டுகளை எண்ணினேன்,
வேறென்ன செய்வதென்று தெரியாமல்.

சிசங்கா பொறுக்கவில்லை.
இன்றைக்கே வேண்டும் என்று வற்றவற்றக் காய்ச்சினான்.
கிண்ணம் பொரிந்து நாலாபக்கமும் துப்பியது,
கடைசியில் சாம்பல் வெள்ளையாய் ஒரு பொடி.
மிசஸ் சம்பா திட்டவில்லை.
ஆறவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்.
விழுந்த இடத்தில் நீலம் திரும்பியது,
லேசாகச் சூடும் வந்தது.
அன்று முழுக்க அவன் அதைத்
தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நம்முடையது பாதி வற்றியதும்
கோலைத் தூக்கிக் காட்டினாய்.
நுனியில் மணல்போல ஏதோ மினுங்கியது.
இறக்கு, என்றாய்.
இறுக்கி மூடாதே, காற்றுப் போகட்டும்.
நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அவ்வளவுதான்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் சோல்வேஸி போய்விட்டீர்களாம்.
அங்கே புதுச் சுரங்கத்தில் ஆள் எடுக்கிறார்களாம்.
மெத்தையை பஸ் கூரையில் கட்டும்போது
உன் அம்மா கயிறு கேட்டு வந்ததாக
எதிர்வீட்டு ங்கோசா சொன்னாள்.

திங்கட்கிழமை வடிதாளைத் தூக்கிப் பார்த்தேன்.
சாய்ந்த பக்கங்கள், கூர் விளிம்புகள்,
யாரும் செதுக்காத செதுக்கல்.
கட்டைவிரல் நகமளவு ஒன்று,
அதன் முதுகில் ஏறிய குட்டிகள்.
மற்றவர் கிண்ணங்களில் நொய்தான்.
மொத்த வகுப்பும் ஏழாம் எண்ணைச் சுற்றி நின்றது.
சிசங்கா தொட வந்தான், கையைத் தட்டிவிட்டேன்.

இரண்டு தாள்களுக்கு நடுவே ஒற்றி எடுத்து நிறுத்தேன்.
கணக்குப்படி வரவேண்டியது மூன்று புள்ளி ஒன்று இரண்டு கிராம்.
தராசில் மூன்று புள்ளி நான்கு.
நூற்றொன்பது சதவீதம்.

மிசஸ் சம்பா சிவப்பில் வட்டம் போட்டார்.
போட்டதைவிட அதிகம் எப்படி வரும்?
ஒரு வரியில் காரணம் எழுது.

உன் பேனா என்னிடம்தான் இருக்கிறது.
அதில் எழுதினேன்:
இன்னும் காயவில்லை.